சீமை மந்திரம்

1845-ம் வருஷம், ஏப்ரல் 4. வங்காளத்தில் கல்கத்தாவுக்கு வடக்கே ஆற்றங்கரையில் இருக்கிற ஹூக்ளி நகரம். அங்கே சிறைக் கைதிகளுக்கான ஆஸ்பத்திரியில் ஒருவர் வலி தாங்காமல் துடித்துக்கொண்டிருக்கிறார். பெயர் மாதவ் கவ்ரா. அவருக்கு இரண்டு பக்கமும் விரைவீக்கம். ஒரு பக்கத்தில் நீரை வடித்துவிட்டு, மறுபடி நீர் கோத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக எரிச்சலூட்டும் மருந்தை உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு வைத்தியம் அதுதான். மயக்க மருந்து? அந்தச் சொல்லே அப்போது மருத்துவமனைகளில் புழக்கத்தில் இல்லை!

அருகில் நிற்கும் டாக்டருக்கு வயது 37. ஜேம்ஸ் எஸ்டெய்ல். ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். கைதி படும் பாட்டைப் பார்த்த எஸ்டெய்ல், தன் உதவி டாக்டர் பதன் சந்திர சௌத்ரியிடம் திரும்பினார். மெஸ்மரிசம் செய்து பார்த்ததுண்டா என்று கேட்டார். கல்கத்தா மெடிக்கல் காலேஜில் யாரோ முயற்சி செய்ததாகவும், ஒன்றும் பலிக்கவில்லை என்றும் சொன்னார் சௌத்ரி. எஸ்டெய்லும் அதைக் கண்ணால் பார்த்தது கிடையாது. புத்தகத்தில் படித்ததோடு சரி. தனக்கும் பலிக்காது என்றுதான் நினைத்தார். இருந்தாலும் செய்து பார்த்துவிடுவோமே என்று மாதவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என்ன செய்தார்? பெரிதாக ஒன்றுமில்லை. முகத்துக்கு நேராகக் கைகளை மேலிருந்து கீழாக, உடம்பில் படாமல், திரும்பத் திரும்ப இறக்கினார். தலை மீதும் கண்கள் மீதும் மெள்ள ஊதினார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாதவின் முனகல் அடங்கியது. கண் சொருகியது. அப்புறம் அசைவே இல்லை!

ஊசியால் குத்திப் பார்த்தார்கள். முழங்காலில் நெருப்பை வைத்தார்கள். மூக்கருகே அம்மோனியாவைப் பிடித்தார்கள். ம்ஹூம்... எஸ்டெய்லுக்கே நம்ப முடியவில்லை. உடனே ஆள் அனுப்பி, ஜட்ஜ் ரஸ்ஸலையும் கலெக்டர் மணியையும் வரவழைத்தார் (நம்ம ஊர் மணி இல்லை, வெள்ளைக்கார மணி!). நாளைக்கு யாரும் கேள்வி கேட்டால் சாட்சி வேண்டுமே! சில நாள் கழித்து, அதே மாதிரி தூங்கவைத்து, மாதவின் இன்னொரு பக்கத்துக்கும் சிகிச்சை செய்தார். இந்த முறை சத்தமே இல்லை.

இன்றைக்கு நாம் 'ஹிப்னாடிசம்', 'அறிதுயில்' என்றெல்லாம் சொல்கிறோமே, அதை அறுவை சிகிச்சை அறைக்குள் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பயன்படுத்திய டாக்டரின் கதை இப்படித்தான் ஆரம்பித்தது. அதுவும் லண்டனிலோ பாரிஸிலோ இல்லை. நம் நாட்டில், ஒரு ஜெயில் ஆஸ்பத்திரியில்.

ஆனால், எஸ்டெய்ல் படித்த அந்த வித்தை எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

ஃப்ரான்ஸ் ஆன்டன் மெஸ்மர். 1734-ல் பிறந்தவர். வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பிரபஞ்சம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் பாய்கிறது, மனித உடம்பில் அதன் ஓட்டம் தடைப்பட்டால் நோய், தடையை நீக்கினால் குணம் என்பது அவருடைய தியரி. 1778-ல் பாரிஸுக்கு வந்தார். சீமாட்டிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தார்கள். மயங்கினார்கள், வலிப்பு வந்து துடித்தார்கள், எழுந்து 'உடம்பு தேவலை' என்றார்கள். மெஸ்மரின் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது!

1784-ல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழுவைப் போட்டார். எப்பேர்ப்பட்ட குழு தெரியுமா? மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், நவீன வேதியியலின் தந்தை லவாய்சியே, பின்னாளில் தலைவெட்டும் இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த டாக்டர் கில்லட்டின் எல்லாரும் அதில் உறுப்பினர்கள்! ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றி'விட்டு, 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். நாலாவது மரத்தில் பையன் மயங்கி விழுந்தான். ஆனால், காந்தம் ஏற்றிய மரம் அது இல்லை! அது எங்கேயோ தள்ளி இருந்தது.

திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, எல்லாம் கற்பனை என்று குழு தீர்ப்பு எழுதியது. தீர்ப்பு சரிதான். ஆனால், அந்தத் தீர்ப்பில் ஒரு சின்ன ஓட்டை. வெறும் கற்பனையால் ஒரு பையன் நிஜமாகவே மயங்கி விழுகிறான் என்றால், அது எவ்வளவு பெரிய விஷயம்! அதை யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. 'வெறும் கற்பனைதானே' என்று கடையைக் கட்டிவிட்டார்கள்.

பிறகு ஐரோப்பாவில் மெஸ்மரிசம் பாதி வித்தை, பாதி வைத்தியமாகத் திரிந்தது. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜின் பேராசிரியர் ஜான் எலியட்ஸன் பெரிய டாக்டர். அவர் இதை நம்பித் தன் நோயாளிகளிடம் செய்து காட்ட, பெரிய ரகளையாகி 1838-ல் பதவியை விட்டு விலகவேண்டியதாயிற்று. அதாவது, எந்த வித்தையைத் தொட்டால் வேலை போகும் என்று லண்டன் டாக்டர்கள் ஒதுங்கி ஓடினார்களோ, அதைத்தான் ஏழே வருஷத்தில் ஹூக்ளியில் கையில் எடுத்தார் எஸ்டெய்ல்.

மெஸ்மரிசத்தை விடுங்கள். அந்தக் காலத்தில் அறுவை சிகிச்சை என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நாலு பேர் நோயாளியை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டரின் திறமையே வேகம்தான். எவ்வளவு சீக்கிரம் காலை அறுத்து எடுக்கிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர். வலியிலும் அதிர்ச்சியிலும் பயத்திலும் மேஜையிலேயே உயிர் போனவர்கள் உண்டு. கத்திக்குப் பயந்து நோயோடு வாழ்ந்து செத்தவர்கள் இன்னும் அதிகம்.

வங்காளத்தில் அப்படி நோயோடு வாழ்ந்தவர்கள் ஏராளம். காரணம், யானைக்கால் நோய். கொசு மூலமாகப் பரவுகிற நுண்ணிய புழுதான் இதற்குக் காரணம் என்பது அப்போது தெரியாது (கொசுவுக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள உறவை பேட்ரிக் மேன்ஸன் சீனாவில் கண்டுபிடித்ததே 1877-ல்தான்). காலில் வந்தால் யானைக்கால். ஆண்களுக்கு விதைப்பையில் வந்துவிட்டாலோ, வருஷக்கணக்கில் வளர்ந்து பூதாகாரமான கட்டியாகிவிடும்.

எஸ்டெய்லின் நோயாளிகளில் குருசரண் ஷா என்று ஒரு கடைக்காரர். வயது 40. நடமாட முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே வியாபாரம். கட்டியின் மேல் நோட்டை வைத்துக் கணக்கு எழுதி எழுதி, அது மேஜை மாதிரி தட்டையாகவே ஆகிவிட்டதாம்! மெஸ்மரிசத் தூக்கத்தில் எஸ்டெய்ல் அதை அறுத்து எடுத்து நிறுத்துப் பார்த்தபோது 80 பவுண்டு. நம் கணக்கில் 36 கிலோ. ஒரு பத்து வயதுப் பையனின் எடைக்கும் மேலே. அவ்வளவு ரத்தம் போனது. கடைசி ரத்தக்குழாயைக் கட்டி முடித்த பிறகுதான் கண் விழித்தார் குருசரண். உடனே ரத்த இழப்பால் மயக்கம் போட்டார். தெளிந்த பிறகு கேட்டதற்கு, எதுவும் தன்னை எழுப்பவில்லை என்றார்.

செய்தி பரவாமல் இருக்குமா? ஹூக்ளி டாக்டரிடம் ஒரு 'பிலாத்தி மந்திரம்' இருக்கிறது, அதாவது சீமை மந்திரம், அதைப் போட்டால் கத்தி பட்டாலும் வலிக்காது என்று ஊரெல்லாம் பேச்சு. கட்டியைச் சுமந்துகொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் எட்டே மாதத்தில் வலியில்லாமல் 73 அறுவை சிகிச்சைகள். 1846-ல் 'மெஸ்மரிசம் இன் இந்தியா' என்று புத்தகமே போட்டுவிட்டார் எஸ்டெய்ல்.

அவருடைய ஏற்பாடு ஒரு தொழிற்சாலை மாதிரி இருந்தது. இருட்டான அறை. நோயாளி கண்ணை மூடிப் படுத்திருப்பார். தலைமாட்டில் ஓர் உதவியாளர் குனிந்து உட்கார்ந்து, முகத்திலிருந்து வயிறு வரைக்கும் காற்றிலேயே தடவிக்கொடுப்பார். அவ்வப்போது மூச்சை விடுவார். இப்படி மணிக்கணக்கில். சிலருக்கு முதல் நாளே பலிக்கும். சிலருக்கு நாள்கணக்கில் ஆகும். எஸ்டெய்லுக்கு ஏற்கெனவே பலவீனமான உடம்பு, ஒருமுறை நோயில் விழுந்து நீண்ட லீவில் போய்த் திரும்பியவர். அதனால், தடவிக்கொடுக்கும் வேலையை ஆஸ்பத்திரியிலிருந்த கம்பவுண்டர்களுக்கும் கட்டுக்கட்டும் ஆட்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு, தான் கத்தியை மட்டும் பிடித்தார். இந்து, முஸ்லிம் இளைஞர்கள் அவர்கள். பெருமை எல்லாம் டாக்டர் பெயரில். அந்த இருட்டு அறையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஆட்களைத் தூங்கவைத்தது இவர்கள்தான்!

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. என்ன செய்யப்போகிறோம் என்று எஸ்டெய்ல் நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. 'தூங்கு', 'வலிக்காது' என்றெல்லாம் பேசுவதும் இல்லை. சொன்னால் கற்பனை வேலை செய்துவிடும், அப்புறம் அது மெஸ்மர் சொன்ன திரவத்தின் சக்தி என்று எப்படி நிரூபிப்பது என்பது அவருடைய வாதம். அறிவியல் புத்தி! ஆனால், இன்னொரு பக்கம் பாருங்கள். உடம்பு நோயாளியுடையது. அதற்கு என்ன நடக்கப்போகிறது என்று அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். மாதவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கைதியிடம் எதற்குக் கேட்பது என்பதுதான் அன்றைய நியாயம்.

சரி, லண்டன் டாக்டர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? 'நடிக்கிறான்!' என்றார்கள்.

இந்தக் குற்றச்சாட்டு புதுசும் இல்லை. எஸ்டெய்லுக்கு மூன்று வருஷம் முன்பு, 1842 அக்டோபரில், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையரில் ஜேம்ஸ் வோம்பெல் என்ற 42 வயதுக் கூலித் தொழிலாளிக்கு, மெஸ்மரிசத் தூக்கத்தில் தொடைக்கு நேராகக் காலை வெட்டி எடுத்தார்கள். மனிதர் லேசாக முனகியதோடு சரி. அடுத்த மாதம் லண்டன் மருத்துவச் சங்கத்தில் அந்த அறிக்கையைப் படித்தபோது சபையே கொந்தளித்தது. மார்ஷல் ஹால் என்று பிரபல நரம்பியல் மேதை. அவர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? நிஜமாகவே உணர்ச்சி இல்லாமல் இருந்திருந்தால், ஒரு காலை அறுக்கும்போது இன்னொரு கால் தன்னிச்சையாக உதறியிருக்கவேண்டும், உதறவில்லை, ஆகவே வோம்பெல் பித்தலாட்டக்காரர் என்றார்! துடித்தால் 'வலிக்கிறது, மெஸ்மரிசம் பொய்'. துடிக்கவில்லை என்றால் 'நடிக்கிறான், மெஸ்மரிசம் பொய்'. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் கூலிக்காரன்தான் தோற்கவேண்டும். எப்படி ஆட்டம்?

வோம்பெல் வெள்ளைக்காரர். அவருக்கே அந்தக் கதி என்றால், வங்காளத்துக் கைதிகளுக்கும் கூலிகளுக்கும் சொல்லவேண்டுமா? டாக்டர் துரையைச் சந்தோஷப்படுத்துவதற்காகக் கறுப்பர்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். எஸ்டெய்லுக்குக் கோபம் வந்தது. இத்தனை பேரும் சேர்ந்து கூட்டுச் சதி செய்து, தங்கள் சதையை அறுக்கக் கொடுத்து நடிப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு எஸ்டெய்லைப் பிடிக்கும். சம்மதம் கேட்காத அதே டாக்டர், நோயாளி 'வலிக்கவில்லை' என்று சொன்னபோது அந்த வார்த்தையை நம்பினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

வங்காள அரசாங்கம் விஷயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. துணை கவர்னர் ஹெர்பர்ட் மேடாக் 1846-ல் ஒரு குழுவைப் போட்டார். டாக்டர் அட்கின்ஸன் தலைவர். கல்கத்தா மெடிக்கல் காலேஜின் ஓஷானஸி போன்றவர்கள் உறுப்பினர்கள். கல்கத்தாவில் அவர்கள் கண் முன்னால் பத்து நோயாளிகள். மூன்று பேரைத் தூங்கவைக்க முடியவில்லை. மற்ற ஏழு பேருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது.

குழு எழுதிய அறிக்கைதான் இந்தக் கதையிலேயே என்னை உலுக்கிய இடம். சிலரிடம் வலியின் அடையாளமே இல்லை. ஆனால், மூன்று பேர் கைகளை உதறினார்கள். உடம்பை முறுக்கினார்கள். முகம் கோணிக்கொண்டது. மூச்சு வாங்கியது. ஊமை ஒருவரை அறுத்தால் எப்படித் துடிப்பாரோ, கிட்டத்தட்ட அப்படி. கத்தியைத் தடுக்க மட்டும் கை போகவில்லை. விழித்த பிறகு அந்த மூன்று பேரிடமும் கேட்டார்கள். வலியா? கனவாவது கண்டாயா? ஒன்றுமே தெரியாது என்றார்கள். அறுவை நடந்து முடிந்ததே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை!

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த மூன்று பேருக்கும் வலித்ததா, இல்லையா?

குழுவுக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால், நேர்மையாக, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, மேலும் சோதித்துப் பார்ப்பது நல்லது என்கிற தொனியில் அறிக்கை கொடுத்தது. 1846 நவம்பரில் எஸ்டெய்லுக்கு ஒரு வருஷக் கெடுவில் கல்கத்தாவில் தனி ஆஸ்பத்திரியே கொடுத்தார்கள். அரசாங்கச் செலவில் மெஸ்மரிச ஆஸ்பத்திரி! கவர்னர் ஜெனரல் டல்ஹவுஸி வந்த பிறகு, 1848-ல் எஸ்டெய்லை பிரஸிடென்சி சர்ஜனாகவும் உயர்த்தினார். கெடு முடிந்து அரசாங்கம் ஆஸ்பத்திரியை மூடியபோது, கல்கத்தாவின் இந்தியப் பிரமுகர்கள் மனுக் கொடுத்து, சந்தா போட்டு, மறுபடி ஒன்றைத் திறக்கவைத்தார்கள்.

எல்லாம் கூடி வந்த மாதிரி இருக்கிறது அல்லவா? விதி வேறு இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

கல்கத்தா குழு அறிக்கை தயாரித்த அதே 1846 அக்டோபர் மாதம். 16-ம் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர், ஈதர் என்ற திரவத்தின் ஆவியை முகரவைத்து ஒரு நோயாளியைத் தூங்கவைத்தார். கழுத்திலிருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். நோயாளி கத்தவில்லை. மணிக்கணக்கில் தடவிக்கொடுக்க வேண்டாம். இருட்டு அறை வேண்டாம். சில நிமிஷம் முகர்ந்தால் போதும். யாருக்கும் பலிக்கும்.

அதே டிசம்பரில் ஈதர் லண்டனுக்கு வந்தது. ராபர்ட் லிஸ்டன் என்ற மின்னல் வேக சர்ஜன், ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்துவிட்டு, கூடியிருந்தவர்களிடம் திரும்பி, இந்த அமெரிக்க வித்தை மெஸ்மரிசத்தைத் தோற்கடித்துவிட்டது என்கிற மாதிரி சொன்னார். வேடிக்கை என்ன தெரியுமா? அது நடந்தது யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில். எலியட்ஸன் பதவியை விட்டு விலகிப்போன அதே இடம்! வலி ஒழிந்தது என்ற சந்தோஷத்தைவிட, பகையாளி ஒழிந்தான் என்ற சந்தோஷம் முந்திக்கொண்டது.

அடுத்த வருஷமே குளோரோஃபாம் வந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ஸன் அதை அறிமுகப்படுத்தினார். எஸ்டெய்ல் விடாமல் வாதாடினார். ஈதர் ஆபத்து, என் முறையில் விஷம் கிடையாது என்றார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்தக் காலத்தில் குளோரோஃபாம் அளவு தப்பி இறந்தவர்கள் உண்டு. தன் கணக்கையும் எடுத்து வைத்தார். விதைப்பைக் கட்டி அறுவைகள் 161, அதில் இறந்தவர்கள் 5 சதவிகிதம்தான். முன்பெல்லாம் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்றார். பி.காம். படித்த எனக்கு இந்த மாதிரி வரவு-செலவைப் பார்த்தாலே தணிக்கை செய்யத் தோன்றும். பழைய கணக்கை எழுதியவர்கள் வேறு, நோயாளிகள் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும், அத்தனை பெரிய கட்டிகளை எடுத்து அத்தனை பேரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார் என்பதைத் தள்ளிவிடவும் முடியாது.

1851-ல் எஸ்டெய்ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். ஏறக்குறைய 300 பெரிய அறுவைகள், ஆயிரக்கணக்கில் சின்ன அறுவைகள் என்பது அவருடைய மொத்தக் கணக்கு. ஊர் திரும்பியவரை மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. வலியில்லா அறுவையைக் கண்டுபிடித்த புகழ் முழுக்க ஈதருக்குப் போவதைப் பார்த்துப் பொருமினார். 1859 ஜனவரியில் லண்டன் அருகே சிடன்ஹாமில் காலமானார். வயது 50.

எஸ்டெய்ல் ஏன் தோற்றார்? ஈதர் வந்ததால் என்பது பாதி பதில். மீதிப் பாதி, அவர் சொன்ன காரணம் தப்பு. மனிதர் கடைசிவரை மெஸ்மரின் திரவத்தை நம்பினார். உதவியாளரின் உடம்பிலிருந்து ஏதோ ஒரு சக்தி நோயாளியின் உடம்புக்குப் பாய்கிறது என்றே நினைத்தார்.

சரியான காரணத்தை வேறு ஒருவர் பிடித்திருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். மான்செஸ்டரில் சர்ஜனாக இருந்த ஜேம்ஸ் பிரெய்ட். 1841 நவம்பரில் ஒரு மேடை மெஸ்மரிச நிகழ்ச்சியைப் பார்க்கப் போனார். புரளி என்று நிரூபிக்கத்தான் போனார். ஆனால், மயங்கியவரின் கண் இமைகள் நிஜமாகவே திறக்க முடியாமல் இருந்தன. வீட்டுக்கு வந்து, தெரிந்தவர்களை உட்காரவைத்து, ஒரு பாட்டிலின் கழுத்தையே உற்றுப் பார்க்கச் சொன்னார். தடவவில்லை. ஊதவில்லை. சில நிமிஷத்தில் தூங்கிவிட்டார்கள்! ஆக, எதுவும் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் பாயவில்லை. தூங்குபவரின் நரம்பு மண்டலமும் கவனமும்தான் எல்லாம் செய்கின்றன. 1843-ல் புத்தகம் எழுதி, 'ஹிப்னாடிசம்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் பிரெய்ட்.

பிரெய்டுக்கும் முன்னால் இதைச் சொன்ன ஒருவர் உண்டு. அவர் நம்ம கோவாக்காரர்! 1756-ல் காண்டோலிமில் பிறந்த பாதிரியார் ஃபாரியா. 1813 வாக்கில் பாரிஸில் கூட்டம் போட்டு, காந்தமும் இல்லை ஒன்றுமில்லை, தூங்குபவரின் மனசுதான் தூங்கவைக்கிறது என்று செய்து காட்டினார். கேலி செய்தே அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். பனாஜியில் இன்றைக்கும் அவருக்குச் சிலை இருக்கிறது.

இப்போது ஹூக்ளியின் இருட்டு அறையைத் திரும்பிப் பாருங்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, கற்பனைக்கு எங்கே இடம் என்று கேட்டார் எஸ்டெய்ல். வார்த்தை எதற்கு? சீமை மந்திரம் என்று ஊரே சொல்லி அனுப்பியிருக்கிறது. வெள்ளைக்கார டாக்டர். இருட்டு. மணிக்கணக்கில் தலையிலிருந்து கால்பக்கம் இறங்கும் கைகள். வங்காளக் கிராமங்களில் மந்திரவாதிகள் தடவி ஊதிக் குணப்படுத்துவதை 'ஜாட்-பூங்க்' என்பார்கள். நம் ஊரில் வேப்பிலை அடித்து விபூதி ஊதுகிறார்களே, அதன் அண்ணன் தம்பி. தன் முறையும் அதுவும் ஒரே மாதிரி இருப்பதை எஸ்டெய்லே கவனித்து எழுதியிருக்கிறார்! பாட்டி மடியில் படுத்த காலத்திலிருந்து அந்தக் கை அசைவுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் அவருடைய நோயாளிகள். மனசுக்கு வேறு என்ன சிபாரிசு வேண்டும்?

காரணம் தப்பாகப் போனதால் காரியத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டது மருத்துவ உலகம். திரும்பப் பொறுக்கி எடுக்க ரொம்ப நாளாயிற்று. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955-லும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958-லும் ஹிப்னாடிசத்துக்கு மருத்துவத்தில் இடம் உண்டு என்று ஏற்றுக்கொண்டன. 1997-ல் பியர் ரெய்ன்வில் குழுவினர் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். கையைச் சுடுநீரில் வைத்திருப்பவரிடம், ஹிப்னாடிச நிலையில் 'இது அவ்வளவு தொல்லையாக இல்லை' என்று சொல்லிவிட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். சூட்டை உணரும் பகுதி வழக்கம்போல வேலை செய்தது. வலியின் தொல்லையோடு தொடர்புள்ள வேறொரு பகுதியில் மட்டும் செயல்பாடு மாறியது. ஆக, 'வலிக்கவில்லை' என்று சொன்னவர்கள் எல்லாம் நடிகர்கள் இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகர மருத்துவமனையில் 1992 முதல், ஹிப்னாடிசத்தோடு கொஞ்சம் மருந்தும் மரத்துப்போகும் ஊசியும் சேர்த்து ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. எல்லாருக்கும் இது பலிக்காது என்பதும் உண்மை. கல்கத்தாவில் அந்தப் பத்தில் மூன்று பேருக்குப் பலிக்கவில்லையே, அதேதான்!

முறுக்கிக்கொண்டு துடித்து, விழித்ததும் ஒன்றும் தெரியாது என்ற அந்த மூன்று பேர்? அவர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. நவீன மயக்க மருந்து கொடுக்கும்போது நோயாளியின் தசைகளையும் மருந்தால் அசையாமல் செய்துவிடுவார்கள். 1977-ல் ஒரு டாக்டர், அந்த மருந்து ஒரு கைக்கு மட்டும் போகாதபடி இறுக்கிக் கட்டிவிட்டு, 'கேட்கிறதா? கேட்டால் என் கையை அழுத்துங்கள்' என்று கேட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். மயக்கத்தில் இருக்கும் சிலர் அழுத்துகிறார்கள்! எழுந்த பிறகு கேட்டால், பெரும்பாலும் எதுவும் ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் நிற்காத வலி, வலிதானா? 1846-ல் அட்கின்ஸன் குழு முழித்த அதே இடத்தில்தான் இன்றைய மயக்கவியல் டாக்டர்களும் தலையைச் சொறிகிறார்கள்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் கவனியுங்கள். 'பத்துக்கு எவ்வளவு வலி, சொல்லுங்க' என்று நர்ஸ் கேட்பார். நீங்கள் 'ஏழு' என்றால் சீட்டில் ஏழு என்று எழுதிக்கொள்வார். இன்னொரு கால் உதறுகிறதா என்று பார்த்துச் சோதிக்கமாட்டார். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான இலக்கணத்தைத் திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பதைக் குறிப்பாகவே சேர்த்தது. இதைச் சட்டமாக எழுத 2020 வரைக்கும் ஆகியிருக்கிறது!

ஹூக்ளி ஜெயிலில் ஒரு கைதி, 'வலிக்கலை' என்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அது ஏன் வலிக்கவில்லை என்பதைத்தான் அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.